ஏட்டகலமும் திரையகலமும்

நூலை வாசிப்போர் அதன் பொருளை நோக்குவரேயன்றி, அந்நூல் எழுதப்பெற்ற பரப்பின் அகலத்தையும் நீளத்தையும் நோக்குவது அரிது. கண் எழுத்தில் ஓடும். கருத்துப் பொருளில் ஓடும். ஏடாயினும் தாளாயினும் திரையாயினும், அப்பரப்பு தன்னைக் காட்டிக்கொள்ளாமலே தாங்கி நிற்கும். பல் இருப்பதை நோவு வந்த பின்னரே நாம் நினைக்கிறோம் அல்லவா? அதுபோலவே, வாசிப்புக்கு இடையூறு நேர்ந்த பின்னரே எழுத்தைத் தாங்கும் பரப்பைப் பற்றியும் நினைக்கிறோம்.

நாம் குடியிருக்கும் புதுக்கடையிலே இந்நினைவு நாள்தோறும் எழுவதற்கு இடமுண்டு. காலை வேளையில் நீதிமன்றங்களை நோக்கிச் செல்லும் கூட்டத்தைக் கவனிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். முன்னாளிலே அப்புக்காத்துமாரும் பிறக்கிராசிமாரும் நடமாடிய காலத்தில், இத்தெருவில் வருவோர் யாவர் கையிலும் நூலாற் கட்டிய கடதாசிக் கட்டு ஒன்று இருக்கும். கட்டின் தடிப்பு வேறுபடுமேயன்றித் தாளின் அளவு வேறுபடாது. இன்று கட்டுகள் முற்றாய் மறையவில்லை. ஆயினும், கட்டுக்கு மேலே ஒரு திரை ஏறிக்கொண்டது. சட்டத்தரணியின் கையில் அகன்ற திரை. அவருடைய எழுதுவினைஞர் கையில் நடுத்தரமான திரை. வழக்காளியின் கையிலோ, பிள்ளைகள் பாவித்துக் கழித்த, மூலை வெடித்த ஒரு சிறு திரை. ஒரே அறிவித்தலை இம்மூவரும் வாசித்தாக வேண்டும். கொள்கலம் இவ்வாறு வேறுபடும்போது, கொள்ளப்படும் பொருள் மூவர்க்கும் எங்ஙனம் ஒப்பப் பொருந்தும்? இவ்வினாவைப் பற்றியே ஈண்டுச் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

இணையத்தளப் பக்கங்களை ஆக்குவோர் நெடுங்காலமாகக் கணினித் திரையொன்றையே மனத்திற் கொண்டு அவற்றை ஆக்கி வந்தனர். அத்திரையின் குறுக்கே ஏறத்தாழ ஆயிரம் படப்புள்ளிகள் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கிற்கு ஏற்ப, இடப்பக்கத்தில் ஒரு நிரல், நடுவிலே செய்தி, வலப்பக்கத்தில் மற்றொரு நிரல் என்று அச்சுத்தாளைப் போலவே அளந்து வகுத்தனர். 2007ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனத்தார் ஐபோன் என்னும் கையடக்கத் தொலைபேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதன் திரையின் அகலம் 320 படப்புள்ளிகள், உயரம் 480. ஆயிரம் புள்ளிகளுக்கு அளந்த பக்கத்தை முந்நூற்றிருபதுக்குள் அடைப்பது எவ்வாறு? அக்கருவி ஓர் உபாயம் செய்தது. தன் அகலம் 980 புள்ளிகள் என்று பாவனை செய்து, பக்கத்தை முழுமையாக வரைந்து, பின்னர் அப்படியே சுருக்கிக் காட்டியது. பக்கம் முழுதும் தெரிந்தது. எழுத்துகளோ எறும்பு ஊர்ந்தாற்போலத் தோன்றின. வாசிப்போர் இரு விரலாற் பெருப்பித்து, வரியின் முடிவுக்கு ஒருமுறையும் தொடக்கத்துக்கு ஒருமுறையுமாகப் பக்கத்தை இழுத்து இழுத்து வாசித்தனர்.

இத்துன்பத்துக்கு மருந்தாகச் சிலர் இரண்டு தளங்களை ஆக்கினர். ஒன்று கணினிக்கு, மற்றொன்று கைத்தொலைபேசிக்கு. பெரிய வீட்டுக்கு முன்வாசல் ஒன்றும் பின்வாசல் ஒன்றும் வைத்தாற் போன்றது இம்முறை. பின்வாசலால் வந்தவர்களுக்கு எப்போதும் குறைந்த பங்கே கிடைத்தது. கணினித் தளத்தில் உள்ளதிற் பாதி, கைத்தொலைபேசித் தளத்தில் இராது. ஒன்றைத் திருத்துவோர் மற்றதைத் திருத்த மறப்பர். அன்றியும், கருவிகளின் அளவுகள் பல்கப் பல்க, எத்தனை தளங்களைத்தான் ஆக்குவது?

இந்நிலையில், 2010ஆம் ஆண்டு மே மாதத்திலே, ஈதன் மார்க்கொட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் 'எ லிஸ்ட் அபார்ட்' என்ற இணைய இதழிற் கட்டுரையொன்று எழுதினார். 'ரெஸ்பொன்சிவ் வெப் டிசைன்' என்று அவர் இட்ட பெயரை, 'திரைக்கிசைந்த பக்க அமைப்பு' என்று நாம் தமிழிற் கூறலாம். அவர் சொன்ன வழி மூன்று உறுப்புகளை உடையது. முதலாவது, நிரல்களின் அகலத்தை இத்தனை புள்ளி என்று அறுதியிடாமல், திரையின் அகலத்தில் இத்தனை பங்கு என்று வகுத்தல். இரண்டாவது, படங்கள் தம்மைத் தாங்கும் இடத்துக்கு மேற்படாமற் சுருங்குமாறு செய்தல். மூன்றாவது, திரையின் அகலத்தைப் பக்கமே வினவி அறிந்து, அகலம் குன்றுமிடத்து மூன்று நிரலை இரண்டாகவும், இரண்டை ஒன்றாகவும் மாற்றிக்கொள்ளுதல். சுருங்கக் கூறின், பக்கம் ஒன்றே. அது கிடக்கும் கோலம் மட்டும் கருவிதோறும் வேறுபடும்.

இதனை எம் மாணவர்க்கு விளக்கும்போது நாம் ஓர் உவமை கூறுவதுண்டு. தைத்த சட்டை, அளவு கொடுத்தவருக்கே பொருந்தும். தமையன் சட்டையைத் தம்பி இட்டால் தோள் தொங்கும். சேலையோ தைக்கப்படாதது. மெலிந்தவர்க்கும் பருத்தவர்க்கும், நெடியவர்க்கும் குறியவர்க்கும், கொசுவத்திலும் முந்தானையிலும் கூட்டியுங் குறைத்தும் அஃது அமைந்துவிடும். துணி ஒன்றே, உடுத்துவோர்க்கு இசைந்து கொடுக்கும் இடம் அத்துணியிலேயே இருக்கிறது. பழைய இணையப் பக்கம் தைத்த சட்டை. திரைக்கிசைந்த பக்கம் சேலை. இவ்வுவமை கேட்ட பின்னர் மாணவர் எவரும் மேலும் விளக்கம் வினவியதில்லை.

நிற்க. பரப்பின் அளவு எழுத்தின் கோலத்தை ஆளுவது இன்று புதிதாய்த் தோன்றிய செய்தியன்று. எம் முன்னோர் கையாண்ட பனையோலை ஏட்டை நினைத்துப் பாருங்கள். அகலம் இரண்டு மூன்று விரல். நீளமோ ஏறத்தாழ ஒரு முழம். ஆதலின் வரிகள் நீண்டு கிடந்தன. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமாதலின், புள்ளியை இடாது விடுத்தனர். இடத்தைச் சிக்கனஞ் செய்யவேண்டிப் பாட்டை அடிபிரியாமலும் சொல்பிரியாமலும் தொடர்ந்து எழுதினர். 'க' என்பதையும் 'க்' என்பதையும் பிரித்தறியும் பொறுப்பு வாசிப்பவன் தலையில் விழுந்தது. ஆசிரியரிடம் பாடங் கேட்டவனுக்கே ஏடு விளங்கும். கேளாதவனுக்கு ஏடு வெறும் ஓலை.

அச்சு வந்தபோது பரப்பு மாறியது. ஆயினும், ஏட்டிற் கண்டபடியே தாளில் இறக்கி வைத்திருந்தால் வாசிப்போர்க்கு விளைந்த பயன் சிறிதாகவே இருந்திருக்கும். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டு அச்சுக்கூடம் நிறுவி, சிறுவர்க்குப் பாலபாடங்களையும் பெரியோர்க்கு நூல்களையும் பதிப்பித்தபோது, தாளிலே இடமுண்டு என்பதை உணர்ந்து, குறியீடுகள் இட்டு வசனத்தைத் தெளிவுறுத்தினார். அவருக்குப் பின்வந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1885ஆம் ஆண்டு தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887ஆம் ஆண்டு கலித்தொகையையும் அச்சேற்றியபோது, செல்லரித்த ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி அவர் பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. இப்பெரியோர் செய்ததன் சாரம் யாதெனில், முன்பு வாசிப்பவன் சுமந்த பாரத்தைப் பதிப்பிப்பவன் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டமையே.

அச்சுக்குப் பின் தட்டச்சு வந்தது. இப்புதுக்கடைத் தெருவோரங்களிலே பொறியைக் கடகடவென்று தட்டி மனுக்கள் எழுதிக் கொடுத்தோரை எம் தலைமுறையினர் கண்டிருக்கிறோம். அப்பொறியைத் தமிழுக்கு இசைவித்தவர்களுள் முதல்வராகப் போற்றப்படுபவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிற் பிறந்து மலாயா, சிங்கப்பூர் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா. 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளுக்குள் அடக்குவது எவ்வாறு என்பதே அவர் எதிர்நோக்கிய சிக்கல். புள்ளி முதலிய குறிகளுக்கு, அழுத்தினாலும் உருளை நகராத விசைகளை அமைத்து அவர் அதனை அவிழ்த்தார். கருவி ஆங்கிலத்துக்காக ஆக்கப்பட்டது. அதனைத் தமிழுக்கு வளைத்தாரேயன்றி, தமிழர் எல்லாரும் ஆங்கிலம் படித்துவிட்டால் தொல்லை இல்லையே என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை.

திரைக்கு வந்தபோதும் இவ்வரலாறே மீண்டும் நிகழ்ந்தது. இலங்கையிலே தமிழிற் கணினி கையாண்டோர் 'பாமினி' என்னும் எழுத்துருவை மறந்திருக்க மாட்டார்கள். அது நிறுவப்பட்ட கணினியில் எழுத்துத் தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குழம்பிக் கிடக்கும். ஒருங்குறி என்னும் யூனிகோட் முறையிலே 1991ஆம் ஆண்டே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இலங்கையில் 2008ஆம் ஆண்டு அதனைத் தழுவி நாட்டு நியமமும் வகுக்கப்பட்டது. எனினும், தொடக்க காலக் கைத்தொலைபேசிகள் பலவற்றில் தமிழெழுத்து நின்ற இடமெல்லாம் வெறுஞ் சதுரப் பெட்டிகளே நின்றன. அந்நாளில் 'ஒப்பெரா மினி' என்னும் உலாவியின் மறைவான அமைப்பொன்றை மாற்றி, எழுத்தைப் படமாக வரவழைத்துத் தமிழ்ச் செய்தி வாசித்தவர்கள் எம் நண்பர்களுள்ளே பலர். எழுத்தைக் கருவிக்குக் காட்டத் தெரியாதபோது, அவ்வெழுத்தின் படத்தையாவது காட்டுக என்பதே அவ்வுபாயம். பசித்தவனுக்குச் சோற்றின் படத்தைக் காட்டாமல், சோற்றையே இலைக்குப் பதில் தாளில் வைத்துக் கொடுத்ததற்கு ஒப்பாக, அது அன்று பசியைத் தீர்த்தது.

ஆயின், படமாகிய எழுத்துக்கும் எழுத்தாகிய எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு எழுத்தாகவே வழங்கிற்று. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பெரும்பாலும் ஒளிவருடிப் பக்கங்களின் படங்களாகக் காத்து வருகிறது. அழிவிலிருந்து காப்பதற்குப் படமே விரைவான வழி, அப்பணி போற்றத்தக்கது. எனினும், கைத்தொலைபேசியில் வாசிக்கப் புகுவோர்க்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. எழுத்தாய் உள்ளது நீர் போன்றது. குடத்திற் குடமாயும் செம்பிற் செம்பாயும் நிறையும். படமாய் உள்ளது கல் போன்றது; செம்பின் வாய் சிறிதானால் வெளியே நிற்கும். எழுத்தாய் உள்ளதை முதியோர் பெருப்பித்து வாசிக்கலாம். கண்ணொளி இழந்தோர்க்குக் கருவி உரக்க வாசித்துக் காட்டும். படத்துக்கோ அவ்வியல்பு தானாக வாய்ப்பதில்லை.

இதன் பயனை எம் ஆசிரியத் தொழிலிலேயே கண்டோம். 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளிற் கொள்ளை நோயாற் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, இந்நாட்டுப் பிள்ளைகளுட் பலர்க்குக் கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. வீட்டில் ஒரே தொலைபேசி. அதனைத் தந்தை வேலைக்குக் கொண்டுபோவார். மாலையில் அவர் வந்த பின் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் படிப்பர். ஏ4 தாளுக்கு அளந்த பாடக்குறிப்பு அச்சிறு திரையில் வந்தபோது, பிள்ளை ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்து வாசித்துத் தன் முறையிற் பாதி நேரத்தை இழந்தது. வெறும் எழுத்தாகத் தட்டி அனுப்பிய குறிப்போ, அழகின்றியிருப்பினும், கண் இமைக்கும் நேரத்தில் திரைக்கு அடங்கி வாசிப்புக்கு உதவியது. பாடம் ஒன்றே, பரப்போடு இசைந்ததும் இசையாததுமே வேறுபாடு.

இனி, தமிழுக்கென்றே உரிய ஓர் இடர்ப்பாட்டைச் சொல்லுதல் வேண்டும். புதுக்கடை என்னும் இவ்விடத்துக்கே மூன்று பெயர் உண்டு. ஒல்லாந்தர் 1656ஆம் ஆண்டு கொழும்பை முற்றுகையிட்டபோது உயிர்துறந்த ஜெராட் ஹுல்ப்ட் என்னும் தளபதியின் பெயரால் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோப் என்பர், சிங்களத்தில் அளுத்கடே, தமிழிற் புதுக்கடை. மூன்றும் ஒரே இடம். ஆனாற் பலகையில் எழுதும்போது மூன்றும் ஒரே நீளமல்ல. இந்நகரத்துப் பெயர்ப்பலகைகளைக் கவனித்து நடப்போர், தமிழ் வரியில் மட்டும் எழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதைப் பலவிடங்களிற் காண்பர். பலகையை முதலில் அறுத்து, பிற மொழிகளை எழுதி, எஞ்சிய இடத்தில் தமிழைத் திணித்ததன் விளைவு அது.

இணையத்தளங்களிலும் இதுவே நிகழ்கிறது. ஆங்கிலத்தில் 'ஹோம்' என்று நான்கெழுத்தில் முடியும் பொத்தானுக்குத் தமிழில் 'முகப்பு' என்று எழுதிச் சமாளிக்கலாம். 'சப்மிட்' என்பதற்குச் 'சமர்ப்பிக்கவும்' என்றும், 'அப்ளை' என்பதற்கு 'விண்ணப்பிக்கவும்' என்றும் எழுத நேரும்போது பொத்தான் போதாது. சொல் வெளியே வழியும். அல்லது பாதியில் வெட்டுண்ணும். தமிழெழுத்து அகன்றது, உகர ஊகாரக் குறிகள் வரிக்குக் கீழே இறங்குவன, ஆங்கிலத்துக்கு அளந்த வரியிடைவெளியில் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டும். வேற்றுமையுருபும் சாரியையும் விகுதியும் ஒட்டி ஒட்டி ஒரே சொல்லாய் நீள்வது தமிழின் இயல்பாதலின், சிறு திரையிலே ஒரு சொல்லே ஒரு வரியைக் கொண்டுவிடும். இரு பக்கமும் ஒத்து நிற்கவேண்டுமென்று வரியை இழுத்தால், சொற்களுக்கிடையே வண்டி போகும் அளவுக்கு வெளி விழும். இவையெல்லாம் தீராத பிணிகள் அல்ல. சொல்லை எழுத்தெல்லையில் மடக்கவும், இடைவெளியைக் கூட்டவும், பொத்தானைச் சொல்லுக்கேற்ப விரியவிடவும் வழிகள் உண்டு. ஆயினும், பந்தியில் இலை போட்டு முடிந்த பின்னர் வந்த விருந்தினரைப் போலத் தமிழ் கடைசியில் வருவதால், அவ்வழிகளை நாடுவோர் இலர்.

இதனால் என்ன கேடு, சிறிது அழகு குறையும், அவ்வளவுதானே என்று கேட்போர்க்கு, அண்மையிலே நீதிமன்றத் தெருவில் நாம் கண்டதொன்றைச் சொல்லுவோம்.

மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி எம்மை அணுகித் தம் தொலைபேசியை நீட்டினார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ. இண்டைக்கு வரச் சொல்லித்தானே போட்டிருக்கு? உள்ளுக்கை கேட்டா இண்டைக்கு இல்லையாம்."

காணி உறுதியொன்றின் பிரதியைப் பெறுவதற்காக அவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார். அலுவலகத்தின் பெயர் ஈண்டு வேண்டா. அதன் இணையத்தளத்திலே அட்டவணை ஒன்று இருந்தது. இலக்கம், பெயர், திகதி என மூன்று நிரல்கள் திரையில் தெரிந்தன. திகதி அன்றைய திகதியே. நாம் விரலால் அட்டவணையை இடப்பக்கம் தள்ளிப் பார்த்தோம். திரைக்கு வெளியே நான்காவது நிரல் ஒன்று ஒளிந்திருந்தது. அதன் தலைப்பு 'மாற்றப்பட்ட திகதி'. அதிலே அடுத்த வாரத்துத் திகதி இருந்தது.

"ஆச்சி, திகதியை மாத்திப்போட்டினம். வாற கிழமை எண்டு இஞ்சாலை இருக்கு."

"அப்பிடியே தம்பி? பேரன்தான் நேற்றுப் பாத்துச் சொன்னவன். அவன்ரை கண்ணிலையும் படேல்லையே."

அவர் எவரையும் நோகவில்லை. குடையை விரித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். வீடுகளிற் சமையல் வேலை செய்து பிழைப்பவர் என்பதையும், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்தவர் என்பதையும் பேச்சுவாக்கில் அறிந்தோம். செய்தி தமிழில் இருந்தது, பிழையின்றியும் இருந்தது, வெளியிட வேண்டிய நாளிலே வெளியிடப்பட்டும் இருந்தது. திரைக்கு வெளியே ஒரு விரலகலம் தள்ளி இருந்தது என்பதே குறை. அவ்வொரு விரலகலத்தின் விலை ஒரு நாட்கூலி.

உலக வலையின் நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்னும் கூட்டமைப்பு, 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அணுகல் வழிகாட்டியிலே, 320 புள்ளி அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளாமல் வாசிக்கத்தக்கதாகப் பக்கம் அமைதல் வேண்டும் என்று விதித்திருக்கிறது. அட்டவணை போன்றவற்றுக்கு அவ்விதியில் விலக்கு உண்டு; இரு திசையிலும் விரிந்தாலன்றி அவை பொருள் தரா என்பது காரணம். விலக்கு நியாயமானதே. எனினும், சாதாரண மக்கள் இணையத்தளத்தில் தேடுவன பெரும்பாலும் அட்டவணையில் அல்லவோ இருக்கின்றன? தவணைத் திகதி, பரீட்சைப் பெறுபேறு, புகையிரத நேரம், மருத்துவர் வரும் நாள், உதவிப் பணப் பட்டியல் யாவும் அட்டவணைகளே. ஆதலின், விதி கட்டாயப்படுத்தாவிடினும், சிறு திரையில் ஒவ்வொருவர் விவரத்தையும் ஒரு சிறு சீட்டைப் போல் மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டுவதும், மாறிய திகதியை முதலில் வைப்பதும் ஆக்குவோர் கடனாம்.

இந்நாட்டுக்கு இது வெறுந் தொழில்நுட்பச் செய்தியும் அன்று. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழியாதல் வேண்டும் என்றது. 1988ஆம் ஆண்டுப் பதினாறாம் திருத்தம், வடக்கு கிழக்குக்கு வெளியே வாழ்வோரும் அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொண்டு மறுமொழி பெறும் உரிமையை வகுத்தது. அவ்வுரிமையை எழுத்தில் ஏற்றுவதற்கு எத்தனை ஆண்டுகள் சென்றன, எத்தனை துயரங்கள் இடையிலே நிகழ்ந்தன என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை. அவ்வாறு பெற்ற உரிமை, கந்தோரின் சாளரத்திலிருந்து இப்போது கைத்திரைக்கு இடம் மாறியிருக்கிறது. இந்நாட்டில் மக்கள் தொகையைவிடக் கைத்தொலைபேசி இணைப்புகளின் தொகை மிகுதி. அங்ஙனமாகவே, தமிழ் வரி திரையின் விளிம்பில் வெட்டுண்டு கிடக்குமாயின், சட்டம் கொடுத்த இடத்தை வடிவமைப்பு பறித்துக்கொண்டதாகும். எவரும் வேண்டுமென்று பறிப்பதில்லை என்பது மெய். ஆயினும் இழந்தவர் இழந்தவரே.

நன்கமைந்ததற்கும் இந்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, வாகனத்துக்கு ஒரு கியூ.ஆர். குறியீடு வழங்கப்பட்டது. புதிய தொலைபேசி வைத்திருந்தோர் திரையிலே காட்டினர். திரை வெடித்தோர் அதனைக் கடதாசியில் அச்சிட்டு, மழை படாமல் உறையிட்டு, முச்சக்கர வண்டியில் தொங்கவிட்டனர். இரண்டும் ஒப்பச் செல்லுபடியாயின. எந்தப் பரப்பில் ஏறினாலும் பொருள் குன்றாதிருந்தமையே அதன் சிறப்பு. வரிசை நீண்டதும் மக்கள் வாடியதும் வேறு கதை. இக்குறியீடு மட்டும் ஏழையின் கடதாசியைப் பார்த்து முகஞ் சுளிக்கவில்லை.

புதிய புதிய திரைகள் இன்னும் வந்தவண்ணமே இருக்கின்றன. 2015ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரம் மணிக்கட்டிலே திரையை வைத்தது. 2017ஆம் ஆண்டு வந்த ஐபோனில் திரையின் உச்சியிலே ஒரு வெட்டு விழுந்தது. அவ்வெட்டினுள் எழுத்து மறையாதபடி பக்கங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. 2019ஆம் ஆண்டு சாம்சங் நிறுவனம் மடிக்கும் தொலைபேசியை விற்பனைக்கு விட்டது, மடித்தால் 4.6 அங்குலத் திரை, விரித்தால் 7.3 அங்குலம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பரப்பு மாறுவது எழுத்தின் வரலாற்றிற் புதுமையே. 2023ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து முதன்மையான உலாவிகள் யாவும் மற்றொரு வசதியைத் தருகின்றன. முன்பு பக்கம் முழுத் திரையின் அகலத்தையே வினவியது. இப்போது பக்கத்தின் ஒவ்வோர் உறுப்பும் தான் இருக்கும் பெட்டியின் அகலத்தை வினவித் தன்னை அமைத்துக்கொள்ளலாம். குடும்பத் தலைவர் ஒருவரே அளவு சொன்ன வீட்டில், ஒவ்வொருவரும் தத்தம் இடத்துக்கேற்ப ஒதுங்கி அமரக் கற்றாற் போல்வது இது.

கருவிகள் இவ்வாறு பெருகும்போது, ஒவ்வொன்றையும் துரத்திச் சென்று அதற்கென ஒரு கோலம் வகுப்பது ஆகாத காரியம். லூக் ரொப்லெவ்ஸ்கி என்பவர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட 'மொபைல் பெர்ஸ்ட்' என்னும் நூலின் கருத்து இங்கே பயன்படும். சிறிய திரைக்கு முதலில் வகுக்க. பின்னர்ப் பெரியதற்கு விரிக்க என்பதே அது. சிறிய திரையில் இடம் இன்மையால், எது முக்கியம், எது வெறும் அலங்காரம் என்று ஆக்குவோர் தீர்மானித்தே ஆகவேண்டும். சிறு வீட்டில் குடித்தனம் செய்த இல்லத்தரசிக்கு எப்பொருள் எங்கே இருக்கவேண்டும் என்று தெரிவது போல, சிறு திரையிற் பழகியவர்க்கு ஒழுங்கு தானே வந்துவிடும். தமிழர்களாகிய நாம் இதனோடு மற்றொன்றையுங் கூட்டுதல் வேண்டும். நீண்ட சொல்லை உடைய மொழிக்கு முதலில் வகுக்க. தமிழ் அடங்கிய பொத்தானில் ஆங்கிலம் தடையின்றி அடங்கும். ஆங்கிலத்துக்கு அளந்ததில் தமிழ் அடங்காது.

பெரிய திரையை வாங்கிக்கொண்டால் இத்தொல்லை இல்லையே என்பார் சிலர். வாங்க வல்லவர்க்கு இக்கட்டுரையே வேண்டுவதில்லை. ஓர் அறிவித்தலின் தரத்தை, அதனை மிக எளிதாக வாசிப்பவரைக் கொண்டன்று, மிக அரிதாக வாசிப்பவரைக் கொண்டே அளத்தல் முறை. நாவலரும் பாலபாடத்தை வித்துவான்களை எண்ணி எழுதவில்லை.

இன்று எம் தமிழ் வீடுகளிலே கணினிக் கல்வி பயிலும் பிள்ளைகள் பலர். கோயிலுக்கும் சங்கத்துக்கும் பழைய மாணவர் மன்றத்துக்கும் இணையத்தளம் ஆக்கித் தருபவர்கள் அவர்களே. நாளை அரச அலுவலகங்களுக்கு ஆக்கித் தரப்போகிறவர்களும் அவர்களே. அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. பக்கத்தை ஆக்கி முடித்ததும் உங்கள் அகன்ற திரையில் அதன் அழகைப் பார்த்து மகிழுங்கள், அதிற் குற்றமில்லை. பின்னர் மொழியைத் தமிழுக்கு மாற்றி, வீட்டிலுள்ள மிகப் பழைய தொலைபேசியில் அதனைத் திறந்து, வீட்டிலுள்ள மிக மூத்தவர் கையிற் கொடுங்கள். ஒன்றும் சொல்லாமல் அருகே அமர்ந்து, அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். அவர் தயங்கும் இடமே நீங்கள் திருத்தவேண்டிய இடம்.